சர்ஜரி வாசலில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு சொல்: இங்கிலாந்தின் ஜி.பி. ஆய்வை எப்படிப் புரிந்துகொள்வது

போன மாதம் லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் பதற்றத்தோடு போன் செய்தார். "தம்பி, எங்க சர்ஜரி ஃபெயிலாம். வாசல்லயே எழுதி ஒட்டியிருக்காங்க. வேற இடத்துக்கு மாறிடட்டுமா?"

ஒட்டியிருந்தது ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்ற சொல். மேம்பாடு தேவை என்று பொருள். அதே வாரத்தில் இன்னொரு நண்பர் எதிர்த்திசையில் குறைப்பட்டார். "எங்க சர்ஜரிக்கு ‘குட்’னு போட்டிருக்கான். ஆனா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காலைல எட்டு மணிக்கு போன் போட்டா லைனே கிடைக்கிறதில்ல. இது என்ன குட்?"

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சொல் எதை அளந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் பகுதி சர்ஜரியின் நோயாளர் குழுவில் நான் சில வருடங்களாக இருக்கிறேன். நான் மருத்துவரல்ல. ஆனால் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், அடிப்படையிலிருந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ‘சர்ஜரி’ என்றால் அறுவை சிகிச்சை நடக்கும் இடம் என்று பொருளில்லை. காய்ச்சலோ சர்க்கரையோ முதுகுவலியோ, முதலில் போய் நிற்கும் குடும்ப மருத்துவரின் கிளினிக்தான் சர்ஜரி. அந்த மருத்துவர் ஜி.பி. பெரிய ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கும் பெரும்பாலும் இவர் வழியாகத்தான் போக வேண்டும்.

## யார் வந்து பார்க்கிறார்கள்?

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்வது கேர் குவாலிட்டி கமிஷன். சுருக்கமாக சி.க்யூ.சி. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவாகி 2009 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள், பல் மருத்துவர்கள் எல்லாரையும் பார்க்கும் அமைப்பு இது. ஜி.பி. சர்ஜரிகள் இதில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2013 ஏப்ரலில் வந்தது. மறு ஆண்டின் இறுதியில் தரம் போடும் ஆய்வுகள் தொடங்கின.

இது இங்குள்ள அரசுப் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸின் ஒரு பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தனியாக நிற்கும் அமைப்பு. தனியார் கிளினிக்குகளையும் இதுதான் கண்காணிக்கிறது. இதன் அதிகாரம் இங்கிலாந்தோடு முடிந்துவிடும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் வேறு வேறு அமைப்புகள் இருக்கின்றன. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பினால் அவருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

## கல்யாண வீட்டு மாமா

நம் எல்லாருடைய குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். கல்யாணம் என்றால் எல்லாம் அவர் தலையில். மாலைக்கு யாரிடம் சொல்லியிருக்கிறது, சமையல்காரருக்கு எவ்வளவு முன்பணம், மாப்பிள்ளை வீட்டார் எந்த ரயிலில் வருகிறார்கள், தாலி யார் கையில், எல்லாம் அவர் ஞாபகத்தில். அவர் இருக்கும்வரை ஒரு குறையும் வராது. எல்லாரும் மெச்சுவார்கள்.

சரி, முகூர்த்தத்தன்று அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால்?

அங்கேதான் தெரியும், அந்த வீட்டில் ஏற்பாடு இருந்ததா, மாமா மட்டும்தான் இருந்தாரா என்று. ஒரு நோட்டில் எழுதி நாலு பேரிடம் பொறுப்பைப் பிரித்திருந்தால் கல்யாணம் நடந்துவிடும். இல்லையென்றால் மாலை எந்தக் கடையில் இருக்கிறது என்று முகூர்த்த நேரத்தில் தேட வேண்டியதுதான்.

ஒரு சர்ஜரியில் பத்தாயிரம் பேர் பதிவு செய்திருப்பது சாதாரணம். அதில் நூற்றுக்கணக்கானவர்கள் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாத மருந்துகளைச் சாப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து தினமும் கடிதங்கள் வந்து குவிகின்றன. எவ்வளவு கெட்டிக்கார மருத்துவராக இருந்தாலும் இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. ஒரு நாள் எதையாவது தவறவிடுவார். அவர் தவறவிட்டதை இன்னொரு கை பிடிக்கிறதா? ஆய்வுக்கு வருபவர்கள் தேடுவது அந்த இன்னொரு கையை.

ஹோட்டல் வாசலில் ஒட்டியிருக்கும் சுகாதார ஸ்டிக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சுழியத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டிருக்கும். ஐந்து வாங்கிய கடையில் சாம்பார் ருசியாக இருக்கும் என்று அது சொல்வதில்லை. அடுப்படி சுத்தமாக இருக்கிறது, உணவைச் சரியான குளிரில் வைக்கிறார்கள், அதற்குப் பதிவு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஜி.பி. தரமும் பாதிதூரம் இதேபோல்தான். மீதிப் பாதியில் இது கொஞ்சம் ஆழமாகப் போகிறது. நோயாளிகளின் பதிவேடுகளையே திறந்து பார்க்கிறது.

இதுவரை: தனித்து நிற்கும் ஓர் அமைப்பு, சர்ஜரியின் ஏற்பாடுகளைப் பார்க்க வருகிறது. டாக்டரின் கைராசியை அளக்க அது வரவில்லை.

## ஐந்து கேள்விகள்

எந்தச் சர்ஜரிக்குப் போனாலும் ஆய்வாளர்கள் ஐந்து கேள்விகளோடு போகிறார்கள். இங்கே பாதுகாப்பு இருக்கிறதா? கொடுக்கிற சிகிச்சை பலன் தருகிறதா? பரிவோடு நடத்துகிறார்களா? மக்களின் தேவைக்கேற்ப நடந்துகொள்கிறார்களா? நிர்வாகம் சரியாக நடக்கிறதா?

மூன்றாவதும் நான்காவதும்தான் நம் கண்ணுக்குத் தெரிபவை. ரிசெப்ஷனில் எப்படிப் பேசினார்கள், எத்தனை நாளில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது என்பதெல்லாம் அங்கே வரும். நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் அதில் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேச வராத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறார்களா என்றும் பார்ப்பார்கள். பத்து வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய், பாட்டியின் கர்ப்பப்பைப் பிரச்சினையை அவள் வாயால் சொல்ல வைக்கிற கொடுமை இன்னும் நடக்கிறது. அது தேவையே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், காசு கிடையாது.

ஆனால் சர்ஜரிகள் சறுக்குவது பெரும்பாலும் முதல் கேள்வியிலும் கடைசிக் கேள்வியிலும்தான். நம் கண்ணில் படாத இடம் அது. அதனால்தான் ‘நல்ல டாக்டராச்சே, எப்படி இந்த மார்க்?’ என்று குழம்புகிறோம்.

நோயாளிகளின் அன்பை மட்டும் வைத்து பாதுகாப்பை எடை போட முடியாது என்பதை இந்த நாடு மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற ஜி.பி. இருந்தார். நோயாளிகள் அவரை மிகவும் மதித்தார்கள். 2000ஆம் ஆண்டில் 15 கொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று பின்னர் நடந்த பொது விசாரணை கண்டது. மார்பின் வகை மருந்துகளை யார் வாங்குகிறார்கள், எவ்வளவு, எங்கே போகிறது என்ற கணக்கு இன்று இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு அந்த விசாரணை ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட ஒரு மனிதர் அபூர்வத்திலும் அபூர்வம். சர்ஜரிகளில் நடக்கும் தீங்கு பெரும்பாலும் நல்ல மனிதர்களிடமிருந்து, ஏற்பாடு தளர்ந்துபோன இடங்களில்தான் வருகிறது.

## ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மாத்திரை

ஏற்பாடு ஏற்பாடு என்கிறேனே, அதை இரண்டு பொருள்களில் காட்டுகிறேன்.

முதலில் தடுப்பூசி ஃபிரிட்ஜ். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் குறையும். உறைந்துபோனாலும் பல தடுப்பூசிகள் கெட்டுவிடும். கெட்டுப்போன ஊசி மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். குழந்தைக்குப் போடுவார்கள், குழந்தை அழும், அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் பாதுகாப்பு கிடைத்திருக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதனால் வேலைநாள்தோறும் ஒருவர் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து, அப்போதைய அளவோடு இடையில் ஏறிய உச்சத்தையும் இறங்கிய அடியையும் குறித்து வைக்க வேண்டும். ஆய்வாளர் அந்தத் தாளைக் கேட்பார். எல்லாக் கட்டத்திலும் எண் இருந்தால் போதும் என்று நினைப்பீர்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் 11 டிகிரி என்று எழுதியிருக்கும் ஒரு நாளைத் தேடிப் பிடித்து, "அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார். யாரிடம் சொன்னார்கள், அந்த மருந்துகளை ஒதுக்கி வைத்தார்களா, தயாரிப்பாளரிடம் கேட்டார்களா? எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுப் போவது ஒரு பழக்கம்தான். எண் தப்பியபோது ஒருவர் அசைந்தார் என்றால் அங்கே ஏற்பாடு இருக்கிறது.

அடுத்து மாத்திரை. மெதோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து. முடக்குவாதம் உள்ள பலர் சாப்பிடுகிறார்கள். இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சரியாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு ரத்த அணுக்கள் குறையலாம், கல்லீரல் பாதிக்கலாம். அதனால் குறித்த இடைவெளிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த மருந்தைத் தொடங்குவது ஆஸ்பத்திரி மருத்துவர். நோய் ஒரு நிலைக்கு வந்ததும், தொடர்ந்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு ஜி.பி.யிடம் வரும். இப்படி இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு ‘ஷேர்டு கேர்’ என்று பெயர். இங்கேதான் ஓட்டை விழும். ரத்தப் பரிசோதனையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்று ஜி.பி. நினைப்பார். ஜி.பி. பார்ப்பார் என்று ஆஸ்பத்திரி நினைக்கும். நோயாளியோ இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று நம்புவார். மாதாமாதம் மாத்திரை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

ஆய்வுக் குழுவில் ஒரு ஜி.பி. ஆலோசகரும் இருப்பார். சர்ஜரியின் கம்ப்யூட்டரில் முன்பே வகுத்து வைத்த தேடல்களை ஓட்டுவார்கள். மெதோட்ரெக்ஸேட் வாங்குபவர்களில் யாருக்கெல்லாம் உரிய காலத்தில் ரத்தப் பரிசோதனை பதிவாகவில்லை? அந்தப் பட்டியலிலிருந்து சில பதிவேடுகளைத் திறந்து படிப்பார்கள். உங்கள் பதிவேடும் அதில் இருக்கலாம். சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது; படித்ததை ரகசியமாக வைக்கும் கடமையும் உண்டு.

இதே மாதிரி வேறு தேடல்களும் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள ஒருவர் ஒரு வருடத்தில் 12 அல்லது அதற்கு மேல் நீல இன்ஹேலர் வாங்கியிருக்கிறாரா? நீல இன்ஹேலர் மூச்சுத் திணறும்போது உடனே இழுப்பது. இவ்வளவு தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். யாராவது அவரை அழைத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, சர்க்கரையின் மூன்று மாத அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 48 (ஊர்க் கணக்கில் 6.5 சதவீதம்) அல்லது அதற்கு மேல் வந்தும், பதிவேட்டில் ‘நீரிழிவு’ என்று குறிக்கப்படாமல் விடுபட்டவர்கள் இருக்கிறார்களா? தெற்காசியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தத் தேடல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ரிசல்ட் வந்தும் யாரும் சொல்லாததால் கண்ணும் காலும் போகும்வரை தெரியாமல் இருந்துவிடக்கூடாதே.

இவை தவிர நேரில் பார்க்கிற பட்டியல் நீளமானது. ஆக்சிஜன், இதயத் துடிப்பை மின் அதிர்வால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர், ஒவ்வாமை அதிர்ச்சிக்கான அட்ரினலின் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, வேலைக்கு எடுத்தவர்களின் பின்னணியைச் சரிபார்த்தார்களா, தீயணைப்பு ஏற்பாடு என்ன. அதையெல்லாம் விரித்தால் கட்டுரை தாங்காது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தவறு நடந்தால் அதை எழுதி வைத்து, கூடிப் பேசி, என்ன மாற்றினோம் என்று பதிவு செய்ய வேண்டும். ‘எங்களிடம் இந்த வருடம் ஒரு தவறும் நடக்கவில்லை’ என்று பெருமையாகச் சொல்லும் சர்ஜரியைப் பார்த்தால் ஆய்வாளருக்குச் சந்தேகம்தான் வரும். பத்தாயிரம் பேரைப் பார்க்கும் இடத்தில் தவறே நடக்கவில்லை என்றால், யாரும் வாய் திறக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

இந்தப் பகுதியின் சாரம்: ஆய்வு என்பது தாள் சரிபார்ப்பு மட்டுமில்லை. தாளிலிருந்து நோயாளிக்கும், நோயாளியிடமிருந்து தாளுக்கும் போய் வருகிற வேலை.

## நான்கு சொற்கள், ஒரு கூட்டல்

ஐந்து கேள்விக்கும் தனித்தனியாக ஒரு தரம் உண்டு. அவுட்ஸ்டாண்டிங் என்றால் மிகச் சிறப்பு. குட் என்றால் நன்று. ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட் என்றால் மேம்பாடு தேவை. இனடிகுவேட் என்றால் போதாது. பிறகு மொத்தத்துக்கும் ஒரு தரம்.

பள்ளி மார்க் ஷீட் பார்த்துப் பழகியதால் மொத்தத்தை நாம் சராசரி என்று எடுத்துக்கொள்கிறோம். இது அப்படிப் போடப்படுவதில்லை. பொதுவான விதிப்படி, ஐந்தில் இரண்டு கேள்விகளுக்கு ‘மேம்பாடு தேவை’ என்று வந்தால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் மொத்தமும் ‘மேம்பாடு தேவை’தான். ஒரு வண்டியில் சீட்டும் பெயின்ட்டும் ஏசியும் அருமை, ஆனால் பிரேக் தேய்ந்திருக்கிறது என்றால் சராசரியாக நல்ல வண்டி என்று நாம் சொல்ல மாட்டோமே.

மேம்பாடு தேவை என்றால் மூடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மறுபடி வந்து பார்ப்பார்கள். நிலைமை மோசமாக இருந்தால் எச்சரிக்கை அறிவிப்பு கொடுக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். மொத்தத் தரம் ‘போதாது’ என்று வந்தால் ‘ஸ்பெஷல் மெஷர்ஸ்’ என்ற தனிக் கண்காணிப்புக்குள் கொண்டுவரலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் தேறவில்லை என்றால் பதிவையே ரத்து செய்யும் நிலை வரை போகும். அப்படி மூடப்படுவது அரிது. தரம் போடும் முதல் சுற்று 2017 தொடக்கத்தில் முடிந்தபோது, பத்துச் சர்ஜரிகளில் ஏறக்குறைய ஒன்பது ‘குட்’ அல்லது அதற்கு மேல் இருந்தன. கீழே இருந்து தொடங்கிய பலவும் மறு ஆய்வில் தேறியிருந்தன.

## அந்தச் சொல் சொல்லாதவை

தனி மருத்துவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மருத்துவர்களின் உரிமத்தைப் பார்ப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் என்ற வேறு அமைப்பு.

உங்கள் சொந்தப் புகாரையும் சி.க்யூ.சி. தீர்த்து வைக்காது. இதில்தான் பலர் மாதக்கணக்கில் காலத்தை வீணாக்குகிறார்கள். புகாரை முதலில் சர்ஜரியிடமோ, அந்தப் பகுதியின் என்.எச்.எஸ். நிர்வாகக் குழுவான இன்டெக்ரேட்டட் கேர் போர்டிடமோ கொடுக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் ஆம்புட்ஸ்மன் என்ற நடுவரிடம் போகலாம். ஆனாலும் உங்கள் அனுபவத்தை சி.க்யூ.சி.யின் தளத்தில் எழுதுங்கள். ஒரு சர்ஜரியைப் பற்றி ஒரே மாதிரிக் குறைகள் சேர்ந்துகொண்டே வந்தால், எப்போது போய்ப் பார்ப்பது என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.

எட்டு மணி போன் நெரிசலையும் இது தீர்க்காது. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த நாட்டில் ஜி.பி.க்கள் போதாத குறையை ஆய்வாளரால் நிரப்ப முடியாது. என் நண்பரின் ‘குட்’ சர்ஜரியில் லைன் கிடைக்காமல் போவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

## தேதியைப் பாருங்கள்

எனக்கு இந்த முறையில் உள்ள பெரிய மனக்குறை இதுதான். சர்ஜரி தன் தரத்தை வாசலிலும் இணையதளத்திலும் காட்ட வேண்டும் என்று 2015 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் அந்தச் சொல் பெரிதாகப் படும், ஆய்வு நடந்த தேதி அப்படிப் படாது. கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் வழக்கமான ஆய்வுகளை நிறுத்தினார்கள். அதன் பிறகு வேகம் பழைய நிலைக்கு வரவே இல்லை. எல்லா வகை மருத்துவ, பராமரிப்பு இடங்களையும் சேர்த்து 2019-20இல் சுமார் 16,000 ஆய்வுகள் நடந்தன; 2023-24இல் சுமார் 7,000தான். அரசு கேட்டுக்கொண்டபடி டாக்டர் பென்னி டாஷ் 2024இல் சி.க்யூ.சி.யையே ஆய்வு செய்து, அதன் செயல்பாட்டில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொன்னார். முறைகளைத் திருத்தும் வேலை அதிலிருந்து நடக்கிறது. ஐந்து கேள்விகளும் நான்கு தரங்களும் தொடர்கின்றன.

ஆகவே ஆறு வருடத்துக்கு முந்தைய ‘குட்’டை விட, போன மாதத்து ‘மேம்பாடு தேவை’ உங்களுக்கு அதிகம் சொல்லும். பழைய ‘குட்’ வாங்கிய காலத்தில் இருந்த மருத்துவர்களும் மேலாளரும் இப்போது அங்கே இருக்கிறார்களா என்பதே தெரியாது.

## அறிக்கையை எப்படிப் படிப்பது?

சி.க்யூ.சி. தளத்தில் சர்ஜரியின் பெயரைப் போட்டால் முழு அறிக்கையும் வரும். தேதியைப் பார்த்துவிட்டு நேராகப் பாதுகாப்பு, நிர்வாகம் என்ற இரண்டு பகுதிகளுக்குப் போங்கள். பிரச்சினை தாளோடு நிற்கிறதா, நோயாளி வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் ஒருவரின் பயிற்சிச் சான்றிதழ் கோப்பில் இல்லை என்பது ஒன்று. ஆபத்தான மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை என்பது முற்றிலும் வேறு. முந்தைய அறிக்கையும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்போது சொன்ன அதே குறை மறுபடியும் இருந்தால் நானாக இருந்தால் கவலைப்படுவேன்.

அக்காவும் நானும் போனிலேயே அவருடைய சர்ஜரியின் அறிக்கையைத் திறந்து படித்தோம். அரை மணி நேரம் ஆனது. பரிவு என்ற கேள்விக்கு ‘குட்’ இருந்தது. பாதுகாப்பிலும் நிர்வாகத்திலும்தான் இடித்திருந்தது. ஃபிரிட்ஜ் பதிவில் விடுபட்ட நாட்கள், வேலைக்கு எடுத்தவர்களின் சரிபார்ப்புக் கோப்புகள், அப்புறம் ஒரு பத்தியில், சில மருந்துகளுக்கான ரத்தப் பரிசோதனைகள் தாமதமாகின்றன என்றிருந்தது. அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி, நான் முட்டிக்கு வாராவாரம் ஒரு மாத்திரை போடுறேனே, மஞ்சள் கலர்ல…"

மறுநாள் காலை அவர் சர்ஜரிக்கு நேரில் போய், கடைசியாக எப்போது எனக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்று ரிசெப்ஷனில் கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்துவிட்டு அந்த வெள்ளிக்கிழமைக்கே ஒரு நேரம் கொடுத்திருக்கிறார்கள். சர்ஜரியை அவர் மாற்றவில்லை.